கையெழுத்திடும் முன்: மார்பகப் புற்றுநோயில் அக்குள் காவல் கணு பரிசோதனைக்கு ஆயத்தமாவது எப்படி?

மார்பக அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் வார்டில் உங்கள் கையில் கொடுக்கப்படும் ஒப்புதல் படிவத்தில், மார்பகத்தில் செய்யப்போகும் அறுவையின் பெயருக்கு அடுத்தாற்போல, ‘சென்டினல் நோட் பயாப்சி, கே.ஐ.வி. எக்சிலரி கிளியரன்ஸ்’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கக்கூடும். கே.ஐ.வி. என்ற மூன்றெழுத்தை நம் மலேசிய அலுவலகங்களில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ‘இப்போதைக்கு முடிவில்லை, தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அதன் பொருள். அலுவலகக் கோப்பில் அது கிடப்பில் போடுவதைக் குறிக்கும். ஒப்புதல் படிவத்திலோ, நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது உங்கள் அக்குளிலுள்ள கணுக்களை மொத்தமாக எடுத்துவிட மருத்துவருக்கு நீங்கள் முன்கூட்டியே தரும் அனுமதியைக் குறிக்கும்.

நான் பினாங்கில் பல ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை வார்டில் தாதியாக இருந்தவள். ‘மிஸ்ஸி, சின்ன ஆப்பரேஷன்னுதானே சொன்னாங்க, அக்குளில் ஏன் குழாய் போட்டிருக்கு?’ என்று மயக்கம் தெளிந்ததும் கேட்ட ஓர் அம்மாவுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கையெழுத்திட்ட தாளில் அந்த மூன்றெழுத்து இருந்தது; அதன் பொருளை அவருக்குத் தமிழில் யாரும் சொல்லியிருக்கவில்லை. சிகிச்சையில் பிழையில்லை, பேச்சில்தான் குறை. அந்தப் பேச்சை அறுவைக்கு முன்பே எப்படி நடத்துவது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று அல்ல; அவரிடம் என்ன கேட்பது என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

காவல் கணு என்பது எது

காய்ச்சலிலோ கையில் புண் பழுத்தாலோ ‘அக்குளில் நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் வீடுகளில் சொல்வோம். அப்படி வீங்குபவை நிணநீர்க் கணுக்கள். ஒவ்வோர் அக்குளிலும் ஏறத்தாழ 20 முதல் 30 கணுக்கள் வரை இருக்கின்றன. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரின் பெரும்பகுதி இவற்றின் வழியாகத்தான் போகிறது. புற்றுநோய் அணுக்கள் கட்டியை விட்டு வெளியேறினால் அவை பெரும்பாலும் முதலில் வந்து தங்குவது, அந்த வடிகாலின் வழியில் முதலாவதாக நிற்கும் ஒன்றிரண்டு கணுக்களில். அவையே காவல் கணுக்கள்; ஆங்கிலத்தில் ‘சென்டினல் நோட்’. அவற்றை மட்டும் கண்டுபிடித்து எடுத்துப் பார்த்து அவை சுத்தமாக இருந்தால், பின்னால் நிற்கும் கணுக்களும் சுத்தமாகவே இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

‘சென்டினல்’ என்ற பெயரை 1977இல் ரமோன் கபானாஸ் வேறோர் உறுப்பின் புற்றுநோய்க்காகப் பயன்படுத்தினார். மார்பகத்தில் 1993இல் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தைக் கொண்டும், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தைக் கொண்டும் இம்முறையைச் செய்து காட்டினார்கள். அதற்கு முன் மார்பகப் புற்றுநோய் என்றாலே அக்குளையும் சேர்த்துத் துப்புரவாக எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. அந்தப் பெண்களில் பலர் வீங்கிய கையோடு மீதி வாழ்க்கையைக் கழித்தார்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, அக்குள் முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்குக் கை வீக்கம் வந்தது. காவல் கணு மட்டும் எடுக்கப்பட்டவர்களில் ஐந்தாறு பேருக்கே வந்தது. கே.ஐ.வி. என்ற எழுத்துகளைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இந்தப் பரிசோதனை உங்களுக்குப் பொருந்துமா

மருத்துவர் அக்குளைத் தடவிப் பார்த்து, அல்ட்ராசவுண்டிலும் கணுக்கள் இயல்பாகத் தெரிந்தால்தான் காவல் கணு பரிசோதனைக்கு இடமுண்டு. ஒரு கணு சந்தேகத்துக்குரியதாகத் தெரிந்தால் முதலில் அதில் ஊசி செலுத்தித் திசு எடுப்பார்கள். அதில் நோய் இருப்பது உறுதியானால் வழி மாறிவிடும். மெமோகிராம் எடுத்த நாளில் உங்கள் அக்குளையும் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மார்பகம் முழுவதும் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோய்க்கு இம்முறை உகந்ததல்ல.

கட்டி பெரிதாக இருப்பதால் முதலில் கீமோ கொடுத்துவிட்டுப் பிறகு அறுவை செய்வது இங்கே நிறைய நடக்கிறது. தொடக்கத்தில் கணுவில் நோய் இருந்து, கீமோவுக்குப் பிறகு அது மறைந்துவிட்டதாகத் தெரிந்தால் காவல் கணு பரிசோதனையைச் செய்யலாம். ஆனால் அப்போது நோயைத் தவறவிடும் வாய்ப்பு கூடுதல் என்பதால், காவல் கணு எது என்று காட்டித்தரும் தடங்காட்டி மருந்துகளில் இருவகையைச் சேர்த்துப் பயன்படுத்துவதும் குறைந்தது மூன்று கணுக்களையாவது எடுப்பதும் நல்லது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நோய் இருந்த கணுவில் கீமோவுக்கு முன்பே சிறு உலோகக் கிளிப் ஒன்றை வைத்து அடையாளப்படுத்தும் முறையும் உண்டு. கீமோ தொடங்கிய பிறகு அதைக் கேட்டுப் பயன் குறைவு. கணு சுருங்கிவிட்டால் எது நோயுற்ற கணு என்று தேடவேண்டியிருக்கும். ஆகவே கேட்பதை முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

மறுபுறம், சிலருக்கு இந்தச் சிறு அறுவையும் தேவைப்படாமல் போகலாம். 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும் அல்ட்ராசவுண்டில் இயல்பாகத் தெரிந்த அக்குளும் உடைய பெண்களிடம், கணு எதையும் எடுக்காமல் விட்டாலும் பலன் குறையவில்லை என்று 2023இல் வெளியான சவுண்ட் என்ற ஆய்வு காட்டியது. 2024 இறுதியில் ஜெர்மானியரின் இன்செமா ஆய்வும் ஏறத்தாழ அதே திசையில் வந்தது. உங்களுக்கு வயது கூடுதலாகவும், கட்டி சிறியதாகவும், ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையாகவும் இருந்தால், ‘எனக்கு அக்குளைத் தொடாமலே விடலாமா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

மார்பக முடிவும் அக்குள் முடிவும்

எங்கள் வார்டில் நான் கண்டவரையில், நம் பெண்களில் பலர் மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குத் தகுதியிருந்தும் முழுவதையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். ‘எல்லாத்தையும் எடுத்துட்டா தொல்லை தீர்ந்துச்சு, கரண்டும் வைக்க வேண்டாம்’ என்பது அவர்களின் நினைப்பு. கரண்டு என்று அவர்கள் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. அப்படி முடிவெடுப்பது அவரவர் உரிமை. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முடிவு அக்குளையும் தொடும் என்பதை அறிந்துகொண்டு எடுக்கவேண்டும்.

காரணம் இதுதான். காவல் கணுவில் நோய் இருந்தாலும் மற்றக் கணுக்களை எடுக்காமல் விடலாம் என்பதற்குப் பெரிய ஆதாரமாக இருப்பது, 891 பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் விரிவாக வெளியான இசட் 0011 என்ற அமெரிக்க ஆய்வு. ஒன்றிரண்டு காவல் கணுக்களில் நோய் இருந்த பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அக்குளைத் துப்புரவாக எடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு எடுக்காமல் விட்டார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது எடுக்காதவர்களில் 86.3 விழுக்காட்டினரும் எடுத்தவர்களில் 83.6 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தார்கள். எடுக்காததால் நட்டமில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் அனைவரும் மார்பகத்தைக் காக்கும் அறுவை செய்துகொண்டவர்கள்; மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு என்பதும் ஆய்வின் திட்டத்தில் இருந்தது. மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சும் வேண்டாம் என்பவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த இயலாது.

இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. கணுவில் நோய் இருப்பவர்களுக்குக் கத்திக்குப் பதிலாக அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்த அமரோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு 2014இல் வெளியானது. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழ சமமாக நின்றன. ஐந்தாம் ஆண்டில் கை வீக்கத்தின் அறிகுறி அறுவை செய்தவர்களில் 23 விழுக்காடு, கதிர்வீச்சு பெற்றவர்களில் 11 விழுக்காடு. மார்பகத்தை முழுவதும் எடுத்தவர்களையும் சேர்த்து நடத்தப்பட்ட செனோமாக் என்ற ஆய்வும் 2024இல் இவ்வழிக்கு வலுச் சேர்த்திருக்கிறது. அதில் பெரும்பாலோர் கணுப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களே. சுருக்கமாகச் சொன்னால், கதிர்வீச்சுக்குப் பயந்து மார்பகத்தை விட்டுக்கொடுப்பவர், காவல் கணுவில் நோய் இருந்துவிட்டால், கதிர்வீச்சையோ அக்குள் அறுவையையோ மறுபடியும் எதிர்கொள்ள நேரலாம்.

ஆகவே கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்கவேண்டியது இப்படி இருக்கட்டும்: ‘கணுவை அறுவையின்போதே உறைநிலையில் வைத்துப் பார்ப்பீர்களா, அல்லது பிறகு வரும் முடிவுக்காகக் காத்திருப்பீர்களா? அப்போதே பார்த்து நோய் இருந்தால், எத்தனை கணுவில் இருந்தால் மற்றவற்றை எடுப்பீர்கள்? எடுக்காமல் கதிர்வீச்சுக்கு அனுப்பும் வாய்ப்பு எனக்கு உண்டா?’ உறைநிலைப் பரிசோதனை என்பது கணுவை உடனே உறையவைத்து மெல்லிய சீவல்களாக்கி, நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒரே மயக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பது அதன் நன்மை. சிறு நோய்த்துளிகளைத் தவறவிடக்கூடும் என்பதும், யோசித்து முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இல்லை என்பதும் அதன் குறைகள். இரண்டாவது அறுவைக்கு மீண்டும் வருவதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால், ‘முழு முடிவு வந்த பிறகு பேசி முடிவெடுப்போம்’ என்று சொல்லி, படிவத்திலுள்ள அந்தக் கே.ஐ.வி. வரியை அடித்துவிடும்படி கேட்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் கேட்பேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுங்கை பட்டாணியிலிருந்து வருகிறவர், எல்லாம் ஒரே முறையில் முடியட்டும் என்று சொன்னாலும் அதில் தவறில்லை. கேட்டுச் சொல்வதற்கும் கேட்காமல் கையெழுத்திடுவதற்கும்தான் வேறுபாடு.

இந்தப் பேச்சுக்குப் பதின்ம வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போகாதீர்கள். அம்மாவின் மார்பகத்தைப் பற்றி மகன் மலாயில் கேட்டுத் தமிழில் சொல்லும்போது பாதி விழுங்கப்படும். தமிழ் பேசும் தாதியோ மருத்துவரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பெரும்பாலும் ஒருவர் கிடைப்பார். தனியார் மருத்துவமனை என்றால், செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் ஜி.எல். என்ற உத்தரவாதக் கடிதத்தில் தடங்காட்டி மருந்து, உறைநிலைப் பரிசோதனை, தேவைப்பட்டால் இரண்டாவது அறுவை ஆகியவை அடங்குமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

மருந்தும் சாயமும்: மறைக்கக் கூடாதவை

காவல் கணுவைக் கண்டுபிடிக்கக் கதிரியக்க மருந்தையோ, நீலச் சாயத்தையோ, இரண்டையுமோ மார்பகத்தில் செலுத்துவார்கள். அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும் ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தையும், இரும்புத் துகள் மருந்தையும் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. எல்லா மருத்துவமனையிலும் அணு மருத்துவப் பிரிவு இல்லை. எனவே உங்களுக்கு எது என்று முன்பே கேட்டால், நீங்கள் எதைச் சொல்லவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மெத்திலின் புளூ என்ற நீலச் சாயத்தைப் பயன்படுத்தினால் இரு செய்திகள் முக்கியம். முதலாவது, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு. அந்தக் குறைபாடு உள்ளவருக்கு இந்தச் சாயம் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. ஆனால் இன்று அறுபது வயதைக் கடந்த அம்மாக்களுக்கு அது செய்யப்பட்டிருக்க வாய்ப்பில்லை. உங்கள் பிள்ளைக்கோ பேரனுக்கோ ‘ஜி6பி.டி. இருக்கிறது’ என்று எப்போதாவது சொல்லியிருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இது குடும்ப வழியில் வருவது. இரண்டாவது, மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எடுக்கும் மாத்திரைகள். அவற்றில் சில வகைகள் மெத்திலின் புளூவோடு சேர்ந்தால் ஆபத்தான எதிர்வினை வரலாம். இந்த மாத்திரைகளை மாமியாருக்குத் தெரியாமல் எடுப்பவர்கள் உண்டு. மயக்க மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது. உறவினர் முன் சொல்லத் தயங்கினால், தனியாகப் பேசவேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள்.

ஐ.சி.ஜி. என்றால் அயோடின் ஒவ்வாமையைச் சொல்லவேண்டும். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ எந்தத் தடங்காட்டியாக இருந்தாலும் சொல்லவேண்டும். நீலச் சாயத்தால் ஒவ்வாமை வருவது அரிது. ஆனால் வந்தால் கடுமையாக இருக்கும். முன்பு எதற்காவது உடல் தடித்து மூச்சு முட்டியிருந்தால் அதையும் எழுதி எடுத்துப் போங்கள்.

கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டு மிரளவேண்டாம். டெக்னீஷியம் 99எம் என்ற அந்தப் பொருள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். தொடக்கத்தில் செலுத்தும் அளவும் சிறியதுதான். இந்த ஊசியை அறுவை நாளன்று காலையிலோ முந்தைய நாளிலோ போடுவார்கள். அணு மருத்துவப் பிரிவு வேறு கட்டடத்திலோ வேறு மருத்துவமனையிலோ இருக்கக்கூடும் என்பதால், நிபோங் திபாலிலிருந்தோ பட்டர்வொர்த்திலிருந்தோ வருகிறவர்கள், எந்த நாள், எந்த இடம், ஊசிக்குப் பின் வீடு திரும்பலாமா என்று கேட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. காம்பைச் சுற்றிப் போடும் அந்த ஊசி சுருக்கென்று எரியும். அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அறுவை நாள்

இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள், சர்க்கரை நோய் மாத்திரைகள், இன்சுலின் ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்பதை மயக்க மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரையைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தவேண்டியிருக்கும். நாட்டு மருந்து, கஷாயம், மூலிகை மாத்திரை எதுவானாலும் பெயரைச் சொல்லுங்கள். திட்டப்போகிறார்கள் என்று ஒளிக்காதீர்கள்.

வளையல், மூக்குத்தி, மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றவேண்டும். இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் மின்கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தோல் வெந்துபோகக்கூடும் என்பதே காரணம். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்களுக்கு, தங்கத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றை மட்டும் கையிலோ கழுத்திலோ விடலாமா என்று வார்டில் கேட்கச் சொல்வேன். பல இடங்களில் அனுமதித்துப் பார்த்திருக்கிறேன்.

நீலச் சாயத்தை நீங்கள் மயங்கிய பிறகே செலுத்துவார்கள். சில நிமிடம் மார்பகத்தை நீவிவிட்டு, அக்குள் மடிப்பில் சிறு கீறலிட்டு, கதிரியக்கத்தை உணரும் காமாக் கருவியின் ஒலியையும் நீல நிறத்தையும் தடமாகக் கொண்டு கணுவைத் தேடுவார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கணுக்கள் வரை எடுக்கப்படும். விழித்த பின் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் அஞ்சவேண்டாம்; ஓரிரு நாளில் சரியாகிவிடும். மார்பகத் தோலில் நீலக் கறை சில வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கிலும், நிற்கும்.

முடிவுத்தாளைப் படிப்பது

முழு முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தாளில் ‘0/2’ என்றிருந்தால், எடுத்த இரண்டு கணுக்களிலும் நோயில்லை என்று பொருள். ‘1/3’ என்றால் மூன்றில் ஒன்றில் இருக்கிறது. அடுத்துப் பார்க்கவேண்டியது அளவு. 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படாதவை தனித்த சில அணுக்களாகவே கருதப்படும், 0.2க்கு மேல் 2 மில்லிமீட்டர் வரை நுண்பரவல். 2 மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பரவல். முதல் இரண்டு வகைக்காக அக்குள் முழுவதையும் எடுப்பது இன்று பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நெஞ்சு படபடக்கும். அந்தச் சொல்லோடு நிறுத்தாமல், எத்தனையில், எவ்வளவு அளவில், கணுவின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள்.

கையைப் பார்த்துக்கொள்வது

மேல்கையின் உட்புறம் மரத்துப்போவது அடிக்கடி நிகழும். அக்குளைக் கடந்து போகும் ஒரு தோல் நரம்பு இழுபடுவதோ அறுபடுவதோ காரணம். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு கட்டியதுபோல் இறுக்கம் தோன்றும். கையை மேலே தூக்கும்போது அது தெரியும். கையை அசைக்காமல் வைத்துக்கொள்வதுதான் அதற்கு மோசமான மருந்து. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சொல்லித்தரும் சுவரில் விரலேற்றும் பயிற்சியை நாள்தோறும் செய்யவேண்டும். பாட்டி சொன்னாள் என்று எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவவோ, ‘உருட்’ என்ற மலாய் உடம்புப்பிடி செய்யும் ‘மக்சிக்’ அம்மாக்களிடம் போகவோ வேண்டாம். வீக்கம் வந்தால் அதற்கென்று பயின்றவர்கள் மென்மையாக நீவி, அழுத்தக் கட்டுப் போடுவார்கள்.

அந்தப் பக்கக் கையில் இரத்தம் எடுக்கவே கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கவே கூடாது என்று நாங்களும் ஒரு காலத்தில் கட்டிலுக்கு மேல் அட்டை எழுதி மாட்டினோம். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரத்தம் எடுப்பதோ இரத்த அழுத்தம் பார்ப்பதோ விமானப் பயணமோ கை வீக்கத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கூட்டுபவை என்று தெரிந்தவை அக்குள் முழு அறுவை, உடல் பருமன், கையில் வரும் தொற்று ஆகியவை. காவல் கணு மட்டும் எடுத்தவர் அவசரத்துக்கு அந்தக் கையைக் கொடுத்ததற்காக இரவெல்லாம் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் தோட்டவேலையில் முள் குத்தினாலோ, தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தாலோ சுத்தம் செய்து மருந்திடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தைப்பூசம் நெருங்கும்போது பால்குடம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர்மலைப் படிகளோ பத்துமலையின் 272 படிகளோ தடையல்ல. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நெடுநேரம் பிடிப்பதுதான் தடை. தோள் முழுவதும் அசையத் தொடங்கி, காயம் ஆறி, கதிர்வீச்சு இருந்தால் அதுவும் முடிந்து தோல் தேறிய பிறகு, எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பழகியவருக்கு அது கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கக் கையிலும் முதுகிலும் அலகு குத்துவதை மட்டும் வேண்டாம் என்பேன். தொற்று நுழைய அது திறந்த வாசல்.

முடிவுத்தாளின் நகல் ஒன்றை மைகார்டு அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கீமோ ஓரிடம், கதிர்வீச்சு ஓரிடம் என்று போகும்போது, எத்தனை கணு எடுத்தார்கள் என்று ஒவ்வொரு மருத்துவரும் கேட்பார். வாய்வழியாகச் சொன்னால் எண் மாறிவிடும்.